பிரசவ வலியை விரைவுபடுத்தும் மருந்து: எப்போது தேவை, எப்போது பொறுமை நல்லது?

பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. ஒன்று, "இவ்வளவு நேரம் ஆகிறதே, ஓர் ஊசி போட்டுச் சீக்கிரம் முடித்துவிடக் கூடாதா?" என்பது. மற்றொன்று, "டிரிப்ஸில் வலி மருந்து கலந்து ஏற்றுகிறார்களாமே, அதனால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து வராதா?" என்பது. இரண்டும் அன்பிலும் கவலையிலும் பிறக்கும் கேள்விகள். இரண்டும் ஒரே மருந்தைப் பற்றியவை. அம்மருந்தின் பெயர் ஆக்சிடோசின்.

தேக்கமடைந்த பிரசவத்தை மீண்டும் நகர வைப்பதற்கு இதைவிடப் பயன்மிக்க மருந்து எங்களிடம் இல்லை. ஆயினும், இயல்பாக நகர்ந்துகொண்டிருக்கும் பிரசவத்தை அவசரத்திற்காக விரட்டுவதற்கு இது ஏற்றதன்று. இந்த வேறுபாட்டைத் தாய்மார்களும் உடனிருப்போரும் முன்கூட்டியே அறிந்திருந்தால், பிரசவ அறையில் எடுக்கப்படும் முடிவுகளை அச்சமின்றிப் புரிந்துகொள்ள இயலும். அதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இயல்பான பிரசவம் எவ்வளவு நேரம் நீடிக்கும்?

பிரசவ வலி தொடங்கியதும் கருப்பையின் வாய் மெல்ல மெலிந்து, திறக்கத் தொடங்குகிறது. அது முழுமையாகத் திறந்தால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். இதன் முற்பகுதி மிக மெதுவாக நகரும். வலி விட்டுவிட்டு வரும். சில சமயம் நின்றுபோய் மறுபடியும் தொடங்கும். நம் வீடுகளில் "சூட்டு வலி" என்று சொல்லிச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்திலோ இதற்கும் முன்போ தான். இந்த முற்பகுதிக்கு இத்தனை மணி நேரம் என்று வரையறை எதுவும் இல்லை. ஒருவருக்கு ஒருவர் பெரிதும் மாறுபடும்.

கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே வேகமான கட்டம் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதன்பின் முழுமையாகத் திறப்பதற்குத் தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்திற்கு மேல் ஆவதில்லை; அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்திற்கு மேல் ஆவதில்லை. முழுமையாகத் திறந்த பிறகு தாய் முக்கிக் குழந்தையை ஈன்றெடுக்கும் கட்டம், தலைப்பிரசவத்தில் 3 மணி நேரம் வரையிலும் மற்றவர்களுக்கு 2 மணி நேரம் வரையிலும் நீடிக்கலாம்.

முன்னர் இக்கணக்கு வேறாக இருந்தது. 1950-களில் அமெரிக்க மருத்துவர் ஈமானுவேல் ஃப்ரீட்மன், பிரசவத்தின் போக்கை வரைபடமாகத் தீட்டிக் காட்டினார். அதிலிருந்து, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற விதி உலகெங்கும் பரவிற்று. பிற்கால ஆய்வுகள் பல தாய்மார்களிடம் இவ்வேகம் இதைவிடக் குறைவாக இருந்தும், குழந்தை நலமாகவே பிறப்பதைக் காட்டின. எனவே, ஒரு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்திற்காக மருந்து கொடுக்கவோ அறுவை செய்யவோ கூடாது என்று அதே 2018 வழிகாட்டுதல் தெளிவாகக் கூறுகிறது. "இன்னும் 4 சென்டிமீட்டர்தான்" என்று செவிலியர் சொல்வதைக் கேட்டுக் குடும்பத்தினர் கலங்க வேண்டியதில்லை. அது பல வேளைகளில் தாமதமன்று. பிரசவம் இன்னும் வேகமெடுக்கவில்லை என்பதே அதன் பொருள்.

ஆனால் உண்மையான தாமதமும் உண்டு. வேகமான கட்டத்தை எட்டிய பின், மணிக்கணக்கில் கருப்பை வாய் திறவாமல் நிற்பதும், வலியின் வலிமை குறைந்துபோவதும் கவனிக்கப்பட வேண்டியவை. அப்படியே நீண்டுகொண்டே போனால் தாய் சோர்ந்துபோவார். பனிக்குடம் உடைந்து நெடுநேரமானால் தொற்று ஏற்படலாம். பிரசவத்திற்குப் பின் கருப்பை சுருங்காமல் இரத்தப்போக்கு மிகுதியாகலாம். குழந்தைக்கும் மூச்சுத்திணறல் நேரலாம். இந்த நிலையில் காத்திருப்பதும் ஆபத்தே. ஆக்சிடோசின் பயன்படும் இடம் இதுதான்.

வரவழைப்பது வேறு, வலுப்படுத்துவது வேறு

இவ்விரண்டையும் பலரும் ஒன்றாகக் கருதுகின்றனர். தேதி கடந்துவிட்டது, இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, குழந்தையின் வளர்ச்சி குறைந்திருக்கிறது போன்ற காரணங்களுக்காக, வலியே தொடங்காத தாய்க்கு வலியை உண்டாக்குவது ஒன்று. தானாகத் தொடங்கிய வலி தளர்ந்துவிட்டதால், அதை வலுப்படுத்துவது மற்றொன்று. இக்கட்டுரை பேசுவது இரண்டாவதைப் பற்றி.

குழந்தை பிறந்த உடனே தாய்க்குத் தொடையில் போடப்படும் ஊசியும் ஆக்சிடோசின்தான். அது 10 யூனிட் அளவில், இரத்தப்போக்கைத் தடுப்பதற்காக எல்லாத் தாய்மார்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. குழந்தை வெளியே வந்துவிட்டதால் அந்த ஊசியால் அதற்கு எவ்விதத் தீங்கும் இல்லை. இதை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

இம்மருந்து எங்கிருந்து வந்தது?

ஆக்சிடோசின் நம் உடலிலேயே சுரக்கும் ஒரு பொருள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இது இரத்தத்தில் கலக்கிறது. பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்வதும், குழந்தை பால் குடிக்கும்போது பாலை வெளியேறச் செய்வதும் இதுவே. 1906-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி டேல், பிட்யூட்டரியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டறிந்தார். அச்சாற்றை விலங்குகளிடமிருந்து எடுத்து மருத்துவர்கள் பயன்படுத்திய காலத்தில், அளவைச் சரியாகக் கட்டுப்படுத்த இயலவில்லை. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ, ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன ஆக்சிடோசினை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டினார். அத்தகைய பணிக்காக அவருக்கு 1955-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகே, தூய்மையான மருந்தைத் துல்லியமான அளவில் கொடுக்கும் வழி பிறந்தது.

டப்ளின் கற்றுத்தந்த பாடம்

மருந்தால் பிரசவ நேரத்தைக் குறைக்க முடியுமா என்ற வினாவை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டது அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள தேசிய மகப்பேறு மருத்துவமனை. 1960-களில் அங்குத் தலைமை வகித்த கீரன் ஓ'டிரிஸ்கால், தலைப்பிரசவத் தாய்மார்கள் நெடுநேரம் வலியில் தவிப்பதைத் தடுக்க ஒரு முறையை வகுத்தார். வலி உண்மையானதுதான் என்பதை முதலில் உறுதி செய்வர், பனிக்குடத்தை உடைப்பர், கருப்பை வாய் திறப்பது தாமதமானால் ஆக்சிடோசின் ஏற்றுவர். 12 மணி நேரத்திற்குள் பிரசவம் முடியும் என்று தாய்க்கு உறுதி கூறப்பட்டது. அத்தோடு, தொடக்கம் முதல் இறுதி வரை ஒவ்வொரு தாயின் அருகிலும் ஒரு செவிலியர் தனியாக இருந்தார்.

அங்குச் சிசேரியன் விகிதம் குறைவாக இருந்ததால், பல நாடுகள் இம்முறையைப் பின்பற்றின. அவற்றில் பல, மருந்தையும் பனிக்குடம் உடைப்பதையும் எடுத்துக்கொண்டன. தனிச் செவிலியரை விட்டுவிட்டன. 1995-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏறத்தாழ 1,900 தாய்மார்களிடம் இம்முறை முறைப்படி சோதிக்கப்பட்டது. பிரசவ நேரம் ஏறத்தாழ 2.7 மணி நேரம் குறைந்தது; ஆனால் சிசேரியன் எண்ணிக்கை குறையவில்லை. ஆக்சிடோசினை மட்டும் தனியாக ஆராய்ந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், தாமதமான பிரசவம் ஏறத்தாழ 2 மணி நேரம் குறைவதும், சிசேரியன் அதனால் குறையாததும் தெரியவந்தன.

இதிலிருந்து நாங்கள் பெறும் பாடம் எளியது. மருந்து நேரத்தைக் குறைக்கும். சோர்ந்துபோன தாய்க்கு அந்த 2 மணி நேரம் பெரிய ஆறுதல். ஆனால் மருந்து கொடுத்துவிட்டாலே சுகப்பிரசவம் உறுதி என்று யாரும் வாக்களிக்க இயலாது. தாமதம் உறுதிப்படும் முன்னரே எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் 2014 முதலே பரிந்துரைப்பதில்லை.

சொட்டுச் சொட்டாக ஏன்?

ஒவ்வொரு முறை கருப்பை இறுகும்போதும், அதன் சுவரிலுள்ள இரத்தக் குழாய்கள் அழுத்தப்படுகின்றன. அந்தச் சில நொடிகள் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. குழந்தை தன்னிடமுள்ள சேமிப்பைக் கொண்டு சமாளிக்கிறது, நீருக்குள் மூழ்கி நீந்துபவர் மூச்சை அடக்கிக்கொள்வதைப் போல. கருப்பை தளரும் இடைவெளியில் இரத்தம் மீண்டும் பாய்கிறது. நீந்துபவர் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்குவதற்கு அது ஒப்பாகும். ஆகவே, குழந்தையைக் காப்பது வலி மட்டுமன்று. வலிக்கும் வலிக்கும் இடையிலுள்ள ஓய்வும்தான்.

நல்ல பிரசவ வலி 10 நிமிடத்தில் 3 முதல் 5 முறை வரும். ஐந்துக்கு மேற்பட்டுத் தொடர்ந்து வந்தால், குழந்தைக்கு மூச்சு வாங்கும் இடைவெளி இல்லாமற்போகிறது. மருந்து மிகுந்தால் நேரும் முதன்மையான ஆபத்து இதுவே.

இதனால்தான் பிரசவ வலியை வலுப்படுத்த ஆக்சிடோசினை நாங்கள் நரம்பு வழியாக, சலைன் போன்ற திரவத்தில் கலந்து, பம்ப் கருவியின் உதவியுடன் அளந்து ஏற்றுகிறோம். மிகக் குறைந்த அளவில், நிமிடத்திற்கு 1 அல்லது 2 மில்லி யூனிட்டில் தொடங்குவோம். ஒரு மில்லி யூனிட் என்பது ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ அரை மணி நேரத்திற்கு ஒரு முறை வலியின் எண்ணிக்கையைப் பார்த்து, தேவையானால் மட்டும் சிறிது கூட்டுவோம். வலி போதுமான அளவை எட்டியதும் கூட்டுவதை நிறுத்திவிடுவோம். டிரிப்ஸை நிறுத்தினால், இரத்தத்திலுள்ள மருந்து சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். டிரிப்ஸ் முறையின் பாதுகாப்பு இதில்தான் இருக்கிறது.

மருந்து ஏறும்போது செவிலியர் வயிற்றின் மேல் கைவைத்து வலியை எண்ணுவார். குழந்தையின் இதயத் துடிப்பு கருவியால் தொடர்ந்து கண்காணிக்கப்படும். அது பொதுவாக நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். துடிப்பு குறைந்தாலோ வலி மிக நெருங்கி வந்தாலோ, டிரிப்ஸ் உடனே நிறுத்தப்படும். தாயை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைப்போம். தேவையானால் கருப்பையைத் தளரச் செய்யும் மருந்து கொடுப்போம். டிரிப்ஸ் திடீரென நிறுத்தப்படுவதைக் கண்டு பதற வேண்டாம். கண்காணிப்பு சரியாக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இடுப்பு ஊசி வேண்டவே வேண்டாம்

குழந்தை பிறக்கும் முன், வலியைக் கூட்டுவதற்காக இடுப்பிலோ தொடையிலோ ஆக்சிடோசின் ஊசி போடும் வழக்கம் நம் நாட்டில் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. முறையான பயிற்சி இல்லாதவர்கள் வீட்டிலேயே இவ்வாறு போடுவதும் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. தசையில் போட்ட மருந்தைத் திரும்பப் பெற முடியாது. நிறுத்துவதற்கு டிரிப்ஸும் இல்லை. கருப்பை ஓய்வின்றி இறுகிக்கொண்டே இருந்தால், குழந்தை மூச்சுத் திணறி இறக்கலாம். கருப்பையே கிழிந்து தாயின் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

குழந்தை பிறந்த பின் தாயைக் காக்கும் அதே 10 யூனிட் ஊசி, பிறப்பதற்கு முன் போடப்பட்டால் உயிரைப் பறிக்கக்கூடும். மருந்து ஒன்றே, கொடுக்கும் நேரமும் முறையும்தான் வேறு. யாரேனும் "ஓர் ஊசி போட்டால் உடனே பிறந்துவிடும்" என்று சொன்னால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். ஏற்கனவே போட்டிருந்தால், மருத்துவமனைக்கு வந்ததும் அதை மறைக்காமல் எங்களிடம் கூறுங்கள். நாங்கள் யாரையும் கடிந்துகொள்ள மாட்டோம். குழந்தையைக் காப்பதற்கு அச்செய்தி இன்றியமையாதது. விளக்கெண்ணெய், நாட்டு மருந்து போன்றவற்றை உட்கொண்டிருந்தாலும் அவ்வாறே சொல்லிவிடுங்கள்.

யாருக்கு இம்மருந்து தரப்படுவதில்லை?

குழந்தை குறுக்காகக் கிடந்தாலும், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருந்தாலும், குழந்தையின் தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் பொருத்தம் இல்லையென்று தெரிந்தாலும், குழந்தை ஏற்கனவே இதயத் துடிப்பில் துன்பத்தைக் காட்டினாலும் இதைக் கொடுப்பதில்லை. வழி அடைபட்டிருக்கும்போது தள்ளும் விசையைக் கூட்டுவது தீங்கையே விளைவிக்கும்.

முன்பு சிசேரியன் செய்துகொண்ட தாய்க்குப் பழைய தையல் தழும்பு விடுபடும் வாய்ப்பு இம்மருந்தால் கூடுகிறது. எனவே, மூத்த மருத்துவரின் நேரடி முடிவின்றி, உடனடியாக அறுவை செய்யும் வசதி இல்லாத இடத்தில், அவருக்கு இதைத் தரலாகாது. பல குழந்தைகளைப் பெற்ற தாயின் கருப்பையும் எளிதில் கிழியக்கூடியது. அவருக்கு வலி தளர்ந்தால், மருந்து கொடுக்கும் முன் காரணத்தைக் கண்டறிய வேண்டும். ஆகவே, முந்தைய பிரசவங்களைப் பற்றிய சீட்டுகள் எல்லாவற்றையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.

மருந்து ஏற்றி, நல்ல வலி 4 மணி நேரம் வந்தும் கருப்பை வாய் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் சிசேரியனைப் பற்றிப் பேச வேண்டிவரும். அது யாருடைய தோல்வியும் அன்று.

வலி கூடுமா?

ஆம், பெரும்பாலும் கூடும். தளர்ந்திருந்த வலி வலுப்பெறுவதே இதன் நோக்கம். ஆகவே, டிரிப்ஸ் தொடங்கும் முன்பே வலி தணிக்கும் வழிகளைப் பற்றி எங்களிடம் கேளுங்கள். எபிடியூரல் போட்டுக்கொண்டால் முக்கும் கட்டம் சிறிது நீளலாம். ஆனால் அதனால் சிசேரியன் வாய்ப்பு கூடுவதில்லை. வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தத் தாய்க்கும் இல்லை.

மருந்தின்றியே நேரத்தைக் குறைப்பவை

தாயின் அருகில் நம்பிக்கைக்குரிய ஒருவர் இடைவிடாமல் இருந்தால், பிரசவ நேரம் குறைவதும், சுகப்பிரசவம் கூடுவதும், சிசேரியன் குறைவதும் பல நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் நடந்த ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. சிசேரியனைக் குறைக்காத மருந்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். டப்ளினில் தாயின் பக்கத்தில் அமர்ந்திருந்த செவிலியரின் அருமை இப்போது விளங்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் பிரசவத் துணைக்கு இடமளிக்கப்படுகிறது. தாயோ, அக்காவோ, மாமியாரோ, கணவரோ, யார் உடனிருக்க வேண்டும் என்பதைக் கருவுற்ற பெண்ணே முடிவு செய்யட்டும்.

முதற்கட்டத்தில் படுத்தே கிடக்காமல் நடப்பதும், நிற்பதும், உட்கார்வதும் பிரசவ நேரத்தை ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் குறைக்கக்கூடியவை. டிரிப்ஸ் ஏறும்போதும் கட்டிலருகே நிற்கலாம், உட்காரலாம், செவிலியரிடம் கேளுங்கள். சிக்கலற்ற பிரசவத்தில் நீர், இளநீர், கஞ்சி போன்றவற்றை அருந்தலாம். சிறுநீர்ப்பையை அடிக்கடி காலியாக்க வேண்டும்; அது நிரம்பியிருந்தால் குழந்தையின் தலை இறங்கத் தடையாகும்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்

"அமாவாசைக்குள் பிறந்துவிட வேண்டும்", "இந்த நட்சத்திரம் முடிவதற்குள் ஆகட்டும்" என்று சிலர் எங்களிடம் கேட்டுக்கொள்வதுண்டு. உங்கள் நம்பிக்கையை மதிக்கிறோம். ஆயினும், அதற்காக டிரிப்ஸின் வேகத்தைக் கூட்ட எங்களால் இயலாது. குழந்தை மூச்சு வாங்கும் இடைவெளியைக் குறைத்து எந்த நல்ல நேரத்தையும் பெற முடியாது.

மருந்து தொடங்கப்படும்போது பின்வருவனவற்றைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு:

1. இப்போது எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது? தாமதம் என்று எதனால் முடிவு செய்தீர்கள்?
2. சிறிது நேரம் காத்திருந்தால் என்ன ஆகும்?
3. குழந்தையின் இதயத் துடிப்பு எப்படி இருக்கிறது? அதை யார் கண்காணிப்பார்கள்?
4. வலி தணிக்க என்ன வழி உண்டு?
5. மருந்து பலனளிக்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்?

டிரிப்ஸ் ஏறும்போது வலி இடைவெளியின்றி வந்தாலோ, வயிறு தளராமல் கல்போல் இறுகியே இருந்தாலோ, இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ, பழைய தழும்பு உள்ள இடத்தில் கடும் வலி தோன்றினாலோ, தலைவலியோ மயக்கமோ வந்தாலோ, உடனே செவிலியரை அழையுங்கள். "தொந்தரவு செய்கிறோமோ" என்று தயங்க வேண்டாம். டிரிப்ஸின் வேகத்தை மாற்றும் திருகைமட்டும் நீங்களாகத் தொடாதீர்கள்.

பிரசவ அறையில் நேரத்தை நாங்களும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். அதோடு வலியின் எண்ணிக்கையையும், குழந்தையின் துடிப்பையும், தாயின் தெம்பையும் சேர்த்தே எண்ணுகிறோம். இவற்றில் ஏதேனும் புரியவில்லை என்றால், மாதந்தோறும் பரிசோதனைக்கு வரும்போதே கேளுங்கள். வலி தொடங்கிய பின் கேட்பதைவிட அப்போது கேட்பதும் எளிது. நாங்கள் அமைதியாக விளக்குவதும் எளிது.